ஏழாவது கட்டம்

வானிலைக்காரர்கள் மாலை ஐந்து மணிக்குப் பனி என்று சொல்லியிருந்தார்கள். அது காலை பத்தரைக்கே வந்து நின்றது. பாஸ்டன் நகரத்துப் புளூ ஹில் அவென்யூவில் இருபத்தெட்டாம் நம்பர் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்த வெர்டீன் கேட்ஸ்டன், முன் கண்ணாடியில் அப்பிய முதல் கொத்தைப் பார்த்ததும் வாய்க்குள்ளேயே வானிலைக்காரர்களின் ஏழு தலைமுறையையும் விசாரித்து முடித்தாள்.

அந்தப் பிப்ரவரியில் இது மூன்றாவது பெரும் பனி. முதல் இரண்டில் விழுந்ததே இன்னும் உருகவில்லை. நடைபாதைகளில் ஆள் உயரத்துக்கு அழுக்குக் குன்றுகள். நிறுத்தம் எது, சாலை எது என்று தெரியாமல் பயணிகள் தெருவிலேயே வந்து நின்று கையாட்டினார்கள். சுரண்டிச் சுத்தம் செய்த கார் இடங்களில் இடம் பிடிக்க அவரவர் சமையலறை நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்தார்கள். மேட்டபன் பேட்டையில் யாரும் அந்த நாற்காலியைத் தொட மாட்டார்கள். தொட்டால் மறுநாள் கார் கண்ணாடி இருக்காது.

பனியில் பஸ் ஓட்டுவது பிரேக்கை மறப்பதுதான் என்று வெர்டீன் புதிதாக வந்தவர்களிடம் சொல்வாள். பதினாறு வருடமாக ஓட்டுகிறாள். மேட்டில் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் கிளம்பாது. சக்கரம் வழுக்கினால் வழுக்குகிற பக்கமே கொஞ்சம் விட்டுக்கொடுத்து, மெதுவாக இழுத்துப் பிடிக்க வேண்டும். கதவு உறைந்துவிட்டால் இறங்கிப் போய் முட்டியால் இடிக்க வேண்டும். அன்று காலையிலிருந்து நான்கு முறை இடித்திருந்தாள்.

"டிரைவரம்மா, கதவு உன்னைக் கண்டா மட்டும் திறக்குதே, எப்படி?" என்றாள் ஏறிய ஒரு பெண்.

"எங்கிட்ட வம்பு வெச்சுக்க வேணாம்னு அதுக்குத் தெரியும். நீ உள்ள தள்ளி நில்லு கண்ணு, பின்னாடி இன்னும் நாலு பேர் நனையறாங்க."

கை ஓட்டிக்கொண்டிருந்தது. மனம் இருபத்திரண்டு மைல் தள்ளி ஹார்ட்வெல் ஊரின் தொடக்கப் பள்ளியில் இருந்தது. மகள் ஜோனெல் அங்கே இரண்டாம் வகுப்பு. நகரத்துக் கறுப்பினப் பிள்ளைகளை, சேர்த்துக்கொள்ளச் சம்மதித்த புறநகர்ப் பள்ளிகளுக்கு அனுப்பும் திட்டம் அது. ஜோனெல் பிறந்த மாதமே பெயர் கொடுத்து, ஐந்து வருடம் காத்திருந்து கிடைத்த இடம். காலை ஐந்து ஐம்பதுக்குத் தெருமுனையில் மஞ்சள் பஸ் ஏறினால் மாலை நாலரைக்கு இறங்குவாள். பனி ஐந்துக்குத்தானே, அதற்குள் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும் என்று நம்பித்தான் அன்று அனுப்பினாள். இப்போது பள்ளியைச் சீக்கிரம் விட்டிருப்பார்களா, பஸ் கிளம்பியிருக்குமா என்று கேட்கக்கூட வழியில்லை. வேலை நேரத்தில் செல்போன் டிப்போ லாக்கரில்தான் இருக்க வேண்டும். கையில் இருந்தால் வேலை போய்விடும்.

அவளை அரித்தது இன்னொன்று. அதை நினைக்கக் கூடாது என்று நினைத்து நினைத்தே மூன்று நிறுத்தம் ஓட்டினாள்.

செப்டம்பரில் பள்ளியிலிருந்து ஒரு படிவம் வந்தது. ஏழாவது கட்டத்தில், அவசர நேரத்தில் குழந்தையை யாரிடம் ஒப்படைக்கலாம் என்று கேட்டிருந்தார்கள். அந்தத் திட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. நகரத்திலிருந்து வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த ஊரில் ஒரு துணைக் குடும்பம். பனியோ காய்ச்சலோ என்றால் அங்கே போய் இருக்கலாம். எல்லாப் பெற்றோரும் ஏழாவது கட்டத்தில் துணைக் குடும்பத்தின் பெயரை எழுதுவார்கள். வெர்டீன், "என்னைத் தவிர யாரிடமும் கூடாது" என்று எழுதி அடியில் இரண்டு கோடு இழுத்தாள். இரண்டாவது கோட்டில் காகிதம் கிழிந்தது.

ஜோனெலுக்கு வாய்த்த துணைக் குடும்பத்தின் பெயர் கெஸ்லர். அந்த ரூத் கெஸ்லர் நான்கு கடிதம் போட்டாள். முதலாவதில் இலையுதிர்காலப் பிக்னிக்குக்கு வாருங்கள் என்றாள். இரண்டாவதில், புதன்கிழமை மூன்று மணிக்குப் பிள்ளைகள் சேர்ந்து விளையாடட்டுமே, நீங்களும் வாருங்களேன் என்றாள். புதன் மூன்று மணிக்கு வெர்டீன் ரக்கிள்ஸ் நிலையத்தில் பஸ் திருப்பிக்கொண்டிருப்பாள். மூன்றாவது, காலை ஒன்பது மணிக்குப் பெற்றோர் காபிச் சந்திப்பு. காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்து காபி குடிக்கிற ஜனங்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதே வெர்டீனுக்கு எரிச்சலாக இருந்தது. நான்காவதில் இரண்டே வரி. நான்கும் சமையலறை இழுப்பறையில், சீனக் கடை மெனுத் தாள்களுக்கு அடியில் கிடந்தன. ஒன்றுக்கும் பதில் போகவில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. வெர்டீனும் சின்ன வயதில் அதே திட்டத்தில் இன்னொரு ஊருக்குப் போனவள்தான். ஒன்பது வயதில் இப்படி ஒரு பனி நாளில் துணைக் குடும்பத்து வீட்டில் தங்க நேர்ந்தது. அவர்கள் அடிக்கவில்லை, திட்டவில்லை. சூடான சாக்லேட் கொடுத்தார்கள். பிறகு கோட்டை மாட்டிவிட்டு, பனி நின்ற சாயங்காலம் மூன்று வீடுகளுக்குக் கூட்டிப் போனார்கள். ஒவ்வொரு வாசலிலும் அந்த அம்மாள் வெர்டீனின் தோளில் கைவைத்து, "இவதான் எங்க பாஸ்டன் பொண்ணு" என்றாள். புதிதாக வாங்கிய ஃபிரிட்ஜைக் காட்டுகிற மாதிரி. அந்த வீட்டுக்காரர்களும் ஃபிரிட்ஜைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார்கள். மூன்று வீட்டிலும் ஒருவர்கூட அவள் பெயரைச் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. வெர்டீன் இதை யாரிடமும் சொன்னதில்லை. அண்ணன் ரஸ்ஸலிடம்கூட இல்லை. படிவத்தில் மட்டும் சொன்னாள், இரண்டு கோடு போட்டு.

ரக்கிள்ஸிலிருந்து மேட்டபனுக்குத் திரும்பும் நடையில் பனி கண்ணை மறைத்தது. வைப்பர் ஒருமுறை துடைப்பதற்குள் மறுபடி மூடியது. வழியில் இரண்டு பஸ்கள் குறுக்கே வழுக்கி நின்றிருந்தன. வழக்கமாக நாற்பது நிமிடத்தில் வரும் தூரம் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மேட்டபன் நிலையத்துக்குள் நுழைந்தபோது மணி மூன்று பத்து. நிலையத்து இன்ஸ்பெக்டர் கல்பெப்பர் தொப்பிகூட இல்லாமல் கொட்டும் பனியில் நின்று இரண்டு கையையும் ஆட்டினார். அவர் தொப்பி இல்லாமல் வெளியே வந்து வெர்டீன் பார்த்ததே இல்லை.

"வெர்டீன்மா, வண்டியை அணைச்சுட்டு இறங்கி வா."

"என்ன? எவனாவது புகார் குடுத்தானா?"

"உன் பொண்ணோட ஸ்கூல் லைன்ல இருக்கு. பொண்ணு நல்லாத்தான் இருக்கா. அதை முதல்ல காதுல வாங்கிக்க. நல்லாத்தான் இருக்கா."

நிலையத்து ஐந்து படியையும் ஒரே தாவலில் தாவி அவருடைய சின்ன அறைக்குள் ஓடினாள். மேஜை மேல் தொலைபேசி ஒருக்களித்துக் கிடந்தது. பக்கத்தில் அவருடைய இறைச்சி பஃப்ஸ் பாதி கடித்தபடி ஆறிக்கொண்டிருந்தது.

"ஹலோ, வெர்டீன் பேசறேன். ஜோனெல் எங்க?"

"என் எதிர்லதான் உக்காந்திருக்கா மிஸஸ் கேட்ஸ்டன். நான் பெட்டி டோலன், ஆபீஸ்லேர்ந்து. காலையிலேர்ந்து உங்க செல்லுக்கு ஒன்பது தடவை அடிச்சுட்டேன். படிவத்துல குடுத்திருந்த டிப்போ நம்பர்ல, நீங்க அங்கேர்ந்து மாத்திப் போய் ரெண்டு மாசம் ஆச்சுங்கறாங்க."

வெர்டீன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். புது வருடத்தில் டிப்போ மாறியதைப் பள்ளிக்குச் சொல்லவே இல்லை. "எங்க அண்ணன் நம்பர்?"

"அடிச்சுக்கிட்டே இருக்கு. எடுக்கல."

ரஸ்ஸல் லாரியின் முன்னால் கலப்பையைக் கட்டிப் பனி தள்ளுகிறவன். பனி விழுந்தால் அவனுக்கு அறுவடைக் காலம். அந்த இரைச்சலில் இடி விழுந்தாலும் கேட்காது.

"பாஸ்டன் பஸ் என்ன ஆச்சு?"

"பதினொன்றரைக்கே ஸ்கூலை விட்டாச்சும்மா. பசங்களை ஏத்த வந்த உங்க பஸ் பாதி வழியிலேயே மாட்டிக்கிச்சு, போலீஸ் திருப்பி அனுப்பிட்டாங்க. பாஸ்டன் பசங்க மொத்தம் பதினொரு பேர். பத்துப் பேர் அவங்கவங்க துணைக் குடும்பத்து வீட்டுக்குப் போயாச்சு. உங்க பொண்ணை மட்டும் அனுப்ப முடியல. ஏழாவது கட்டத்துல நீங்க எழுதினது அப்படி. தாள்ல என்ன இருக்கோ அதுதான் எனக்கு."

"அப்ப நாலு மணி நேரமா என் பொண்ணு தனியா உக்காந்திருக்காளா?"

"தனியா இல்ல. நான் இருக்கேன். எனக்கு என்ன, விடிய விடியகூட இருப்பேன். ஆனா நாலு மணிக்கு எங்க ஊர் ரோட்டை மூடறாங்க. அதுக்கு மேல வண்டி எதுவும் ஓடக் கூடாது. கட்டடத்தையும் பூட்டியாகணும், ஹீட்டர் வேற மூச்சு வாங்குது. நீங்க ஒண்ணும் சொல்லலைன்னா போலீஸ் வண்டி வந்து ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போகும். அங்க கட்டில் எல்லாம் இருக்காம்."

ஏழு வயதுப் பிள்ளை போலீஸ் ஸ்டேஷனில் தூங்குவது. வெர்டீன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். கல்பெப்பர் சன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

"அந்தக் கெஸ்லர் குடும்பம்…" என்றாள் வெர்டீன்.

"மிஸஸ் கெஸ்லரா? அவங்களும் இங்கதான் இருக்காங்க. பதினொன்றரையிலேர்ந்து."

"எதுக்கு?"

"பிள்ளையைக் கேட்டாங்க, குடுக்க மாட்டேன்னேன். அப்ப நானும் போக மாட்டேன்னு உக்காந்துட்டாங்க. அவங்க பொண்ணும் கூட இருக்கு. நீங்க மேட்டபன்ல கிடைப்பீங்கன்னு கண்டுபிடிச்சதே அவங்கதான். உங்க பொண்ணு அம்மா இருபத்தெட்டாம் நம்பர் ஓட்டறாங்கன்னு சொல்லுச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டு பதினாலு இடத்துக்குப் போன் போட்டாங்க."

ஹார்ட்வெல்லில் யாரோ போனைக் கைமாற்றும் சத்தம் கேட்டது.

"ஹலோ, மிஸஸ் கேட்ஸ்டன். நான் ரூத்." குரல் கம்மியிருந்தது, சளி பிடித்த மாதிரி.

"நீங்க நாலு கடுதாசி போட்டீங்க" என்றாள் வெர்டீன்.

"ஆமா."

"நான் ஒண்ணுக்கும் பதில் போடல."

"ஆமா."

"ஏன்னு கேக்க மாட்டீங்களா?"

"அஞ்சாவது கடுதாசியில கேக்கலாம்னு இருந்தேன்."

பஃப்ஸைக் கையிலெடுத்திருந்த கல்பெப்பருக்குப் புரையேறியது. அந்த அறையில் போனில் பேசுவது நாலு சுவருக்கும் கேட்கும். வெர்டீன் அவரை முறைத்துவிட்டு ஆரம்பித்தாள். பதினாறு வருடம் பயணிகளை விசாரித்துப் பழகிய குரல்.

"உங்க வீட்ல நாய் இருக்கா? நாயைக் கண்டா அவளுக்குப் பயத்துல உயிர் போயிரும்."

"நாய் இல்ல. ஒரு ஆமை இருக்கு. அதுவும் நவம்பர்லேர்ந்து தூங்குது."

"துப்பாக்கி?"

"கிடையாது."

"வீட்ல யார் யாரு?"

"நானும் என் பொண்ணு டில்லியும்தான். வீட்டுக்காரர் சிகாகோ ஏர்போர்ட்ல முந்தாநேத்துலேர்ந்து மாட்டிக்கிட்டிருக்கார்."

"என்ன சாப்பாடு?"

"கோழி சூப் வெச்சுட்டு வந்தேன். ரொட்டி இருக்கு, முட்டை இருக்கு."

"சூப்புல பட்டாணி போட்டீங்களா? பட்டாணி போட்டா தொட மாட்டா."

"டில்லியும் தொட மாட்டா. பொறுக்கி எடுத்துடறேன்."

"தலையைக் கழுவிராதீங்க. சீப்பும் வேணாம். ஞாயித்துக்கிழமை நாலு மணி நேரம் உக்காந்து பின்னினது. படுக்கும்போது பட்டுத் துணி கட்டணும், இல்லைன்னா காலையில காக்கா கூடு மாதிரி ஆயிரும்."

"பட்டா…" கொஞ்சம் யோசனை. "எங்க கல்யாணத்துக்கு என் மாமியார் குடுத்த பட்டு ஸ்கார்ஃப் ஒண்ணு இருக்கு. அது ஆகுமா?"

"கிழிஞ்சா என்னைக் கேக்கக் கூடாது."

"அதை எப்பக் கிழிக்கலாம்னுதான் பத்து வருஷமா காத்திருக்கேன்."

வெர்டீனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். கேட்க வேண்டிய கேள்வி இன்னும் ஒன்று இருந்தது. முப்பது வருடமாகக் கேட்காத கேள்வி. சுவர்க் கடிகாரத்தில் மூன்று இருபத்திரண்டு.

"என் பொண்ணை எத்தனை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டுவீங்க?"

"எனக்குப் புரியல மிஸஸ் கேட்ஸ்டன்."

"அக்கம்பக்கத்து வீட்டுக்கு. 'இதான் எங்க பாஸ்டன் பொண்ணு'ன்னு. என்னைக் காட்டினாங்க. மூணு வீட்டுக்கு. நான் அப்ப இவளைவிட ரெண்டு வயசு பெரியவ."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"நாங்க இந்த ஊருக்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு" என்றாள் ரூத் மெதுவாக. "வலது பக்கத்து வீட்டுக்காரர் பேரு எனக்குத் தெரியாது. இடது பக்கத்துல ஒரு அம்மா. அவங்க நாயோட பேரு தெரியும், அவங்க பேரு தெரியாது. காட்டணும்னாலும் எனக்கு ஆள் கிடையாது. காட்ட மாட்டேன்." பிறகு, "உங்களுக்கு அப்படி நடந்திருக்கக் கூடாது" என்றாள்.

"பாப்பாகிட்ட குடுங்க" என்றாள் வெர்டீன்.

"அம்மா!" ஜோனெலின் குரலில் அழுகை இல்லை, அலுப்புதான் இருந்தது. "நான் போகட்டுமா? இவங்க சாப்பிடவே இல்லம்மா. சாண்ட்விச்சைப் பாதி பாதியா எங்க ரெண்டு பேருக்கும் குடுத்துட்டாங்க. பூட்ஸுக்குள்ள தண்ணி போயிருச்சு, நடந்தா சளக் சளக்னு சத்தம் வருது. பாவமா இருக்கு."

"உனக்குப் போகணுமா, அதைச் சொல்லு."

"டில்லி வீட்ல ஆமை தூங்குதாம். எழுப்ப மாட்டேன். பாத்துட்டு மட்டும் வரேன்."

வெர்டீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பெட்டியம்மாவைக் கூப்பிடு."

பெட்டி டோலன் லேசில் விடுகிறவள் இல்லை. தேதி, நேரம், தாயின் முழுப் பெயர், பேசும் இடம் எல்லாம் கேட்டு எழுதினாள். பிறகு, "யார்கிட்ட ஒப்படைக்கலாம்னு நீங்க வாயால சொல்லணும்" என்றாள்.

"ரூத் கெஸ்லர்கிட்ட" என்றாள் வெர்டீன். "என் பொண்ணு ஜோனெல் கேட்ஸ்டனை ரூத் கெஸ்லர்கிட்ட ஒப்படைக்கலாம்."

"பக்கத்துல சாட்சி யாராவது?"

கல்பெப்பர் போனை வாங்கி, கோர்ட்டில் நிற்கிறவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்தித் தன் பெயரையும் பதவியையும் ஊழியர் எண்ணையும் சொன்னார். வைத்துவிட்டு, மிச்ச பஃப்ஸில் கடிக்காத பாதியைப் பிய்த்து வெர்டீனிடம் நீட்டினார். "தின்னு. வெறும் வயித்தோட என் பஸ்ஸைத் தொடாத."

அதற்கப்புறம் ஒரே ஒரு நடைதான் ஓட்டினாள். ஆறரைக்கு டிப்போ லாக்கரைத் திறந்தபோது செல்போனில் ஒன்பது அழைப்பும் ஒரு படமும் இருந்தன. ரூத் அனுப்பியது. படத்தில் ஒரு பெரிய கிண்ணம் நிறைய சூப், பக்கத்துச் சின்னத் தட்டில் பொறுக்கி எடுத்த பட்டாணி. மற்ற டிரைவர்கள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே வெர்டீன் பெஞ்சில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். மனசு அவ்வளவு லேசாகியிருந்தது.

மறுநாள் காலை வெயில் கண்ணைக் கூசவைத்தது. ரஸ்ஸல் இரவெல்லாம் பனி தள்ளிய கண்களோடு லாரியில் வந்து ஹாரன் அடித்தான். வெர்டீன் ஜமைக்காக்காரர் கடையில் வாங்கி வந்திருந்த இரண்டு டஜன் பஃப்ஸை மடியில் வைத்துக்கொண்டாள். லாரியை நகர்த்திவிட்டு ரஸ்ஸல் இறங்கி, அது நின்ற இடத்தில் அவளுடைய சமையலறை நாற்காலியைப் போட்டான்.

"ஏண்டி, என் நம்பரை எதுக்குக் குடுத்த? பனி நாள்ல நான் போன் எடுத்து நீ பாத்திருக்கியா?"

"வேற யார் நம்பரைக் குடுக்கறது? நீ ஒருத்தன்தான் இருக்க."

"அப்ப ஒரு ஆளைச் சம்பாதி" என்றான் ரஸ்ஸல், நாற்காலியை நேராக்கியபடி. "வயசு நாப்பது ஆச்சு. பஸ்ஸுல தினம் ஆயிரம் பேரை ஏத்தற. ஒரு ஆள் சிக்கலையா?"

ஹார்ட்வெல்லில் கெஸ்லர் வீட்டு வாசலே தெரியவில்லை. குள்ளமான ஒரு பெண், ஆண்பிள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, தோட்டத்து மண்வெட்டியால் பனியைக் கொத்திக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து கொத்தி இரண்டு கஜம் வந்திருந்தாள்.

"இந்தம்மா கரண்டியால கடல் தண்ணியை இறைக்குது" என்று ரஸ்ஸல் தலையை வெளியே நீட்டிக் கூவினான். "தள்ளி நில்லுங்கம்மா! பொண்ணுங்களை உள்ள வெச்சுக்கங்க!"

நாலு தள்ளலில் வாசல் பிறந்துவிட்டது. கேட்காமலே இடது பக்கத்து வீட்டு வாசலையும் தள்ளிக் கொடுத்தான். அந்த வீட்டு அம்மாள் நாயோடு வெளியே வந்து கையாட்டினாள். ரூத் பதிலுக்கு மண்வெட்டியை ஆட்டினாள்.

ஜோனெல் வாசலில் நின்றாள். தலையில் நீலப் பட்டு ஸ்கார்ஃப், முடிச்சு நெற்றிக்கு நடுவில் கடற்கொள்ளைக்காரன் மாதிரி. வெர்டீன் அவளைத் தூக்கி, ஸ்கார்ஃபை விலக்கிப் பார்த்தாள். ஒரு பின்னல் கலையவில்லை.

"ஆமையைப் பாத்தேம்மா. செத்துப்போன மாதிரியே இருக்கு. ஆனா மூச்சு விடுதாம்."

சமையலறையில் காபி வைத்தாள் ரூத். முதல் கால் மணி நேரம் இரண்டு பேரும் பஃப்ஸைப் பற்றியே பேசினார்கள், வேறு பேச்சு அகப்படாமல். ரஸ்ஸல் மேஜையில் தலைவைத்துத் தூங்கிப்போனான். எதிரே டில்லி பஃப்ஸின் ஓரத்தைக் கடித்தபடி, வைத்த கண் வாங்காமல் வெர்டீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க நேத்து எதுக்குப் போகாம உக்காந்தீங்க?" என்று வெர்டீன் கடைசியில் கேட்டுவிட்டாள். "என் பிள்ளையை உங்களுக்குத் தெரியாது. என்னையும் தெரியாது."

ரூத் எழுந்து போய் ஃபிரிட்ஜ் மேலிருந்து ஒரு தாளை எடுத்து வந்தாள். அதே படிவம். டில்லியின் பெயர் போட்டது. ஏழாவது கட்டத்தில் கணவன் பெயர் இருந்தது. அதற்குக் கீழே, மற்றொருவர் என்ற இடத்தில் ஒன்றும் இல்லை.

"பெட்டி இதை மூணு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க" என்றாள் ரூத். "இன்னொரு பேர் கட்டாயம் வேணுமாம். ராத்திரி ராத்திரி உக்காந்து யோசிப்பேன். எழுத ஒரு பேர் இல்ல. நேத்து உங்க பொண்ணு அந்த பெஞ்சுல தனியா உக்காந்திருந்தப்ப எனக்கு இந்தத் தாள்தான் ஞாபகம் வந்துச்சு. நாளைக்கு என் பொண்ணும் அப்படித்தான் உக்காந்திருப்பா."

வெர்டீன் தாளையே பார்த்தாள். தான் கோபத்தில் அடைத்த கட்டம் இங்கே ஆளில்லாமல் காலியாகக் கிடந்தது.

"பேனா இருக்கு" என்றாள் ரூத். "உங்க பேரை எழுதட்டுமா?"

"என் பேரா? நான் இருபத்திரண்டு மைல் தள்ளி இருக்கேன். போன் லாக்கர்ல கிடக்கும். என்னை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?"

"சனிக்கிழமை டில்லிக்கு ரக்கிள்ஸ் பக்கத்துல வயலின் கிளாஸ். விட்டுட்டு வந்துடுவேன். ஏதாவது ஒண்ணுன்னா நான் திரும்ப வர ஒரு மணி நேரம் ஆகும்."

"ரக்கிள்ஸா? ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை அங்கதான் திரும்பறேன். சனிக்கிழமை எனக்கு லீவு வேற. வீட்லேர்ந்து வந்தாலும் இருபது நிமிஷம்." சொல்லச் சொல்ல அவள் குரல் நிமிர்ந்தது. முப்பது வருடமாக அந்தத் திட்டத்தில் எல்லாம் ஒரே பக்கம்தான் போனது. இங்கிருந்து பிள்ளைகள் போவார்கள், அங்கிருந்து உபசாரம் வரும். அங்கிருந்து ஒருத்தி ஒன்றைக் கேட்பது இதுதான் முதல் தடவை. "கல்பெப்பர்னு ஒரு இன்ஸ்பெக்டர் இருக்கார். அவர் நம்பரையும் சேத்து எழுதுங்க. அவர் எடுப்பார்."

ரூத் எழுத ஆரம்பித்தாள். அதுவரை வாயைத் திறக்காத டில்லி, பஃப்ஸைத் தட்டில் வைத்துவிட்டு கையைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்க வீட்ல நாய் இருக்கா?" என்று கேட்டாள்.

ரூத்தின் பேனா நின்றது. நேற்று பள்ளி ஆபீஸில் போனில் வந்த வெர்டீனின் குரல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கும் கேட்டிருக்கிறது.

"இல்ல" என்றாள் வெர்டீன், முகத்தை நிமிர்த்தி, சாட்சிக் கூண்டில் நிற்கிறவள் மாதிரி.

"வீட்ல யார் யாரு?"

"நானும் ஜோனெலும். கீழ் மாடியில இந்தக் கும்பகர்ணன்."

"சூப்புல பட்டாணி போடுவீங்களா?"

"சூப்பே வைக்க மாட்டேன். மீன் பொரிப்பேன்."

டில்லி யோசித்தாள். மீனை மனதுக்குள் ஒப்புக்கொண்டாள் போலிருந்தது. "என்னை எத்தனை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டுவீங்க?"

"டில்லி!" என்று பதறினாள் ரூத். அவள் முகம் சிவந்துவிட்டது.

"இருங்க, பிள்ளை சரியாத்தான் கேக்குது" என்றாள் வெர்டீன். அவளும் யோசித்தாள். மேல் மாடி இருக்கிறது, எதிர் வீடு இருக்கிறது, சர்ச் இருக்கிறது, பஃப்ஸ் கடை இருக்கிறது, கல்பெப்பர் இருக்கிறார். ஒருத்தரும் சும்மா விட மாட்டார்கள்.

"பொய் சொல்ல மாட்டேன் கண்ணு" என்றாள். "ஒரு இருபது வீட்டுக்காவது காட்ட வேண்டியிருக்கும். ஆனா ஒவ்வொரு வீட்லயும், 'இவ பேரு டில்லி'ன்னு சொல்லித்தான் காட்டுவேன்."

டில்லி அம்மாவைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினாள். "எழுதிக்கோம்மா" என்றாள்.